சுழி பார்க்கிறவள்

நாலு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு அவள் வந்தால் முன்பக்கமாக வரமாட்டாள். பின்னாலிருந்துதான் வருவாள். முகமெல்லாம் அவளுக்கு அப்புறம், முதலில் உச்சந்தலை. பஸ்ஸில் சீட்டு காலியாகக் கிடந்தாலும் உட்காரமாட்டாள். "உக்காந்தா என்னட்டி தெரியும்? நின்னு வந்தாத்தான் அம்புட்டுத் தலையும் தெரியும்" என்பாள். நாலே முக்கால் அடி உயரத்துக்கு, உட்கார்ந்திருக்கிறவர்களின் தலைதான் எட்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் பாதிப் பேர், "அட, அந்தப் பிள்ளையா, என் தலையையும் பாத்திருக்கே" என்று கிளம்பி வந்துவிடுவார்கள்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே வாரத்தில்தான் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தோம். முதல் நாள் நான் இருப்பதிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, யாராவது வந்து பேசுவார்களா என்று லேபில் உட்கார்ந்திருந்தேன். அவள் வந்து என் பின்னால் நின்றாள். "செத்த குனிங்க" என்றாள். பல்லி கில்லி விழுந்துவிட்டதோ என்று பதறிக் குனிந்தேன். பூவை ஒதுக்கி, முடியைப் பிரித்து, ஒரு நிமிஷம் பார்த்தாள். "ஒன்னுதான். வலஞ்சுழி. சாதா" என்று சொல்லிவிட்டு அவள் மேஜைக்குப் போய்விட்டாள்.

எங்கம்மா இருபத்து மூன்று வருஷம் எண்ணெய் தேய்த்து வளர்த்த தலை அது. அதைச் சாதா என்றால் எப்படி இருக்கும்? ஒரு வாரம் அவளிடம் பேசவில்லை. பேசாததை அவள் கவனிக்கவும் இல்லை. துறையில் மிச்சமிருக்கும் தலைகளைப் பார்த்து முடிக்கிற வேலை அவளுக்கு இருந்தது.

எங்கள் ஊர் சோழபுரத்தில் மாடு வாங்கப் போகிறவர்கள் சுழி பார்ப்பார்கள். இன்ன இடத்தில் சுழி இருந்தால் வீட்டுக்கு ஆகாது, இன்ன இடத்தில் இருந்தால் யோகம் என்று மாட்டையே புரட்டிப் போட்டுப் படிப்பார்கள். அவளும் அந்த ரகம்தான் என்று நினைத்தேன். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "ஏட்டி, மாட்டு வியாபாரம் ஏதும் ஆரம்பிக்கப் போறியா?" என்று கேட்டுவிட்டேன். இதைக் கேட்க ஓர் ஆள் வராதா என்று காத்துக் கிடந்தவள் மாதிரி, என்னை இழுத்துக்கொண்டு போய் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வைத்தாள்.

அவளுடைய ஆராய்ச்சி திரவப் படிகத்தில். கால்குலேட்டர் முகப்பிலும் டிவி திரையிலும் இருக்கிற சரக்கு. பார்த்தால் கலங்கின எண்ணெய். உள்ளே குச்சி குச்சியாக மூலக்கூறுகள். எண்ணெய் மாதிரி ஓடினாலும் குச்சிகள் அத்தனையும் ஒரே வாக்கில் படுத்திருக்கும். வளைத்தால் வளையும், விட்டால் நிமிரப் பார்க்கும். இந்த மீள்தன்மையைத் தட்டைக் கண்ணாடிகளுக்கு நடுவில் வைத்து எத்தனையோ பேர் அளந்துவிட்டார்கள். இவள் வளைந்த பரப்புகளுக்கு நடுவில் வைத்தாள். ஒரு துளித் தண்ணீர். அதைச் சுற்றி இந்தச் சரக்கு ஒரு தோல். அதைச் சுற்றி மறுபடி தண்ணீர். வெங்காயத்தை உரித்துக்கொண்டே போய் ஒரே ஒரு தோலை மட்டும் உருண்டையாக விட்டுவைத்தது மாதிரி, ஆனால் வெறுங்கண்ணுக்குத் தெரியாத அளவு. உள்ளே ஒரு வளைவு, வெளியே ஒரு வளைவு, இரண்டுக்கும் ஒத்துப்போய்க் குச்சிகள் நடுவில் படுக்க வேண்டும்.

தரையில் என்றால் பாயை விரித்து வரிசையாகப் படுத்துவிடலாம். பந்தின் மேல் எல்லாரும் சேர்ந்தாற்போல் எப்படிப் படுப்பது? எங்கேயாவது ஓரிடத்தில் முட்டிக்கொள்ளும், சுழித்துக்கொள்ளும். தலையில் முடி படிகிற மாதிரியேதான். எந்தச் சீப்பை வைத்துச் சீவினாலும் சுழியைச் சீவி எடுக்க முடியாது. அவளுடைய தோலில் அது நாலு புள்ளியாக வந்தது. ஒவ்வொன்றும் அரைச்சுழி. உள்ளே இருக்கும் தண்ணீர்த் துளி லேசு என்பதால் மேலே மிதக்கும், மேல்பக்கம் தோல் மெலிந்துவிடும். மெலிந்த இடத்தில் வளைகிற கஷ்டம் குறைச்சல் என்று நாலு புள்ளியும் அங்கே போய் ஒண்டிக்கொள்ளும். நான் குனிந்து பார்த்தேன். நிறம் நிறமாக வரி ஓடுகிற வட்டம், உச்சியில் நாலு புள்ளி. அழகாகத்தான் இருந்தது.

"பாத்தியா? இத அழிக்க முடியாது. எங்கயாவது இருந்துதான ஆகணும்" என்றாள்.

இந்த ஒரு வாக்கியத்தை வைத்தே அவள் உலகத்தை ஓட்டினாள். கேண்டீன் சாம்பாரில் கல் கடிபட்டால், "எங்கயாவது இருந்துதான ஆகணும்." பஸ்ஸைக் கோட்டைவிட்டால் அதேதான். ஒருதடவை என் தம்பி எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான் என்று அவளிடம் புலம்பினேன். ரொம்ப யோசித்துவிட்டு, "ஒங்க வீட்டுக் கோவமெல்லாம் அவங்கிட்ட வந்து ஒண்டியிருக்கு. அவனச் சரி பண்ணிட்டா அது பொறவு ஒங்கப்பாகிட்டப் போயிரும். பரவாயில்லயா?" என்று கேட்டாள். எங்கப்பாவை நினைத்துப் பார்த்தேன். தம்பியிடமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவளுக்கு வந்த சோதனை எங்கள் சார்தான். இரண்டு பேருக்கும் வழிகாட்டி அவர். ஆறடி உயரம், தங்கமான மனுஷர், ஆனால் சுத்தப் பைத்தியம். நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால் கைக்குட்டையால் துடைப்பார். எழுந்த பிறகும் ஒருதடவை துடைப்பார். அவர் படித்தது உப்பு, சர்க்கரை மாதிரி கெட்டிப் படிகங்கள். அங்கே புள்ளி தெரிந்தால் தூசி என்று அர்த்தம். அதனால் அவள் படத்தைப் பார்க்கும்போதெல்லாம், "நாலு தூசி இருக்கும்மா. கண்ணாடிய இன்னொரு தடவ கழுவுங்க" என்பார். அவள் கழுவுவாள். மறுபடி நாலு. "சோப்பு மாத்திப் பாருங்க." மறுபடி நாலு. இப்படி இரண்டு வருஷம். லேபில் அவ்வளவு சுத்தமான கண்ணாடி எங்கள் கல்லூரி சரித்திரத்திலேயே இருந்திருக்காது.

ஒருநாள் சார் நல்ல மனசோடு ஒரு வழி சொன்னார்.

"கம்ப்யூட்டர்ல அந்த நாலையும் துடைச்சு விட்டுருங்களேன். தூசிய எடுக்கிறது தப்பில்லையேம்மா."

"ஒன்ன எடுத்தா அது வேற எங்கயாவது போயி நிக்கும் சார்."

"எங்க போயி நிக்கும்?"

"சொல்ல முடியாது சார். ஒங்க சட்டையிலகூட நிக்கலாம்."

சார் குனிந்து தன் வெள்ளைச் சட்டையை ஒருதடவை பார்த்துக்கொண்டார். ஆனால் கையெழுத்து மட்டும் போடவில்லை. அவளுடைய பதிவுக் காலம் அந்த ஏப்ரலோடு முடிகிறது. எனக்குப் பதிவு சில மாசம் தள்ளி நடந்ததால் இன்னும் நாள் இருந்தது. அதற்குள் சார் கையெழுத்துப் போட்ட ஆய்வேடு அலுவலகத்துக்குப் போய்ச் சேராவிட்டால் மறுபடி விண்ணப்பம், மறுபடி கமிட்டி, ஆறு மாசம் அம்போ. கையெழுத்துக்கு ஒரே நிபந்தனை, புள்ளி இல்லாத ஒரு தோலைச் சார் கண்ணால் பார்க்க வேண்டும்.

இதற்கு நடுவில் வெயில் வேறு. அந்தச் சரக்கு முப்பத்தைந்து டிகிரி வரைக்கும்தான் ஒழுங்காக இருக்கும். அதைத் தாண்டினால் உருகி வெறும் எண்ணெய். எங்கள் ஊர் ஏப்ரலுக்கு முப்பத்தைந்து எந்த மூலைக்கு? லேபில் ஏசியைப் பத்து மணிக்கு மேல்தான் போடுவார்கள். அதனால் அவள் விடியற்காலையில் ராஜபாளையம் வீட்டு அடுக்களையில் உட்கார்ந்து தோல்களை உருட்டி, குட்டிப் பாட்டிலில் போட்டு, டிபன் பாக்ஸுக்குள் வைத்து, ஈரத் துணியைச் சுற்றிக் கொண்டுவருவாள். அவள் அப்பா பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்த்தார். வீட்டில் பேண்டேஜ் துணிக்குப் பஞ்சமே கிடையாது. டிபன் பாக்ஸ் பார்ப்பதற்கு ஆபரேஷன் முடிந்து வந்த மாதிரி இருக்கும்.

நான் சோழபுரத்திலிருந்து வந்து ராஜபாளையத்தில் பஸ் மாறுவேன். ஒருநாள் இரண்டு பேரும் சேர்ந்து ஏறினோம். கண்டக்டர் பாக்ஸைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, யாருக்கு அடி?" என்றார்.

"அடி இல்லண்ணே. உள்ள இருக்கிறதுக்குச் சூடு ஆகாது."

முன் சீட்டு அம்மாள் ஒருத்தி திரும்பினாள். "யாராச்சும் தானமாக் குடுத்த கண்ணா, ஆத்தா?"

இவள் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சமயம் அந்த அம்மாளின் கொண்டைக்குப் பின்னால் முடி எப்படித் திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். "ம்" என்று வைத்தாள். அவ்வளவுதான். அந்த அம்மாள் எழுந்து பாக்ஸுக்கு இடம் கொடுத்தாள். டிரைவருக்குச் செய்தி போயிற்று. நடுவில் இரண்டு நிறுத்தத்தில் பஸ் நிற்கவே இல்லை. இறங்க வேண்டியவர்களும் வாய் திறக்கவில்லை, புண்ணிய காரியமாயிற்றே. பாக்ஸ் சீட்டில் ஜம்மென்று உட்கார்ந்து வந்தது, நாங்கள் நின்றுகொண்டு போனோம். இறங்கியதும் நான் அவளைக் கிழி கிழி என்று கிழித்தேன். "பாவம்டி, அவிய எம்புட்டுத் தூரம் திரும்பி நடக்கணும்" என்று அவளும் வருத்தப்பட்டாள். மறுநாள் அதே கண்டக்டரிடம் போய் உண்மையைச் சொல்லித் திட்டு வாங்கிக்கொண்டும் வந்தாள். திட்டும்போது அவர் சீட்டில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினாராம், சுழி தெரிந்ததாம். பெரிய லாபம் மாதிரி அதை என்னிடம் வந்து சொன்னாள்.

பெண் பார்க்க வந்த கதையை அவள் அம்மா சொல்லித்தான் கேட்க வேண்டும். மாப்பிள்ளைக்குத் தேவதானம், ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் சூப்பர்வைசர். வீடு கொள்ளாமல் சனம். இவள் காப்பித் தட்டோடு போய் நிற்கிறாள். மாப்பிள்ளை தம்ளரை எடுக்கக் குனிந்தார். இவள் தட்டோடு எட்டிப் பார்த்து, கூடம் அதிர, "ரெண்டு!" என்றாள்.

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. இரட்டைச் சுழி இருந்தால் இரண்டு கல்யாணம் என்று எங்கள் பக்கம் நம்புவார்கள். அந்த அம்மாள் மகன் தலையை இருபத்தெட்டு வருஷம் எண்ணெய் வைத்துப் படிய வாரி மறைத்து வைத்திருந்தார்.

இவள் சமாதானப்படுத்தினாள். "பயப்படாதிய அத்தை. ரெண்டு சுழி இருந்தா நடுவுல ஒரு எதிர்ச்சுழி கண்டிப்பா இருக்கும். அதக் கழிச்சுக்கணும். ரெண்டுல ஒன்னு போக ஒன்னு. கணக்குப்படி ஒரு கல்யாணந்தான்."

கேசரியைத் தொடாமல் எழுந்து போய்விட்டார்கள். அடுத்த வீட்டுத் தெலுங்குக்கார அத்தை, "ஏமி பிள்ளம்மா இதி" என்று தலையில் அடித்துக்கொண்டார். அவள் அம்மா மூன்று நாள் இவளோடு பேசவில்லை.

நாலாம் நாள் காலையில் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் நாங்கள் நிற்கிறோம். மாப்பிள்ளை பைக்கை நிறுத்திவிட்டு நேரே வந்தார். வணக்கம் இல்லை, ஒன்றும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு அவள் முன்னால் நின்றார். "அந்த எதிர்ச்சுழி எங்க இருக்குன்னு காட்டுங்க. எங்கம்மா நம்ப மாட்டேங்கிறா." அவள் முடியைப் பிரித்துத் தேடிக் கண்டுபிடித்து, போனில் படம் எடுத்து, வட்டம் போட்டு அனுப்பிவிட்டாள். சுற்றிலும் பத்துப் பேர் நின்று பார்த்தார்கள். அந்தப் படத்தைக் காட்டி அவர் தன் அம்மாவைச் சரிக்கட்டினார். ஆய்வேட்டை முடித்துக் கொடுத்ததும் ஆவணியில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். ஆக, சாருடைய கையெழுத்தில் இப்போது ஒரு தாலியும் தொங்கியது.

அந்த ஏப்ரலின் கடைசி வேலை நாள் வந்தது. ஆய்வேடு பைண்டிங் ஆகி மேஜைமேல் இருந்தது. அலுவலகத்தை ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள். சார் இறங்கி வந்தார். "மத்தியானம் ரெண்டரைக்கு நானே வந்து பாக்கிறேன். சுத்தமா இருந்தா அங்கயே கையெழுத்து" என்று சொல்லிவிட்டார். அவள் காலையிலிருந்து கண்ணாடியைக் கழுவவே இல்லை. நல்ல தோலாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து வைத்து, நாலு புள்ளியும் பளிச்சென்று தெரிகிற மாதிரி சரிசெய்துகொண்டிருந்தாள். சாரை எப்படியும் ஒப்புக்கொள்ள வைத்துவிடலாம் என்ற நம்பிக்கை.

இரண்டு மணிக்குக் கரண்ட் போயிற்று. மைக்ராஸ்கோப் விளக்குக்கு இன்வர்ட்டர் உண்டு, ஏசிக்குக் கிடையாது. அரை மணியில் அறை அடுப்படி ஆகிவிட்டது. சார் சொன்ன நேரத்துக்கு வந்தார், ஸ்டூலைத் துடைத்தார், நின்றபடியே குனிந்து கண்ணை வைத்தார். ஒரே இருட்டாக இருந்திருக்க வேண்டும். வெளிச்சத்தை வடிகட்டுகிற கண்ணாடியைச் சற்றே திருப்பினார், வெளிச்சம் வந்தது. அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே.

"அடடே! இதத்தானம்மா ரெண்டு வருஷமா சொன்னேன், கழுவுனாப் போகும்னு. தேய்ச்சு வச்ச எவர்சில்வர் தட்டு மாதிரி இருக்கு! ஒரு புள்ளி கிடையாது!"

பேனாவைத் திறந்துவிட்டார். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அறைச் சூட்டில் சரக்கு உருகிவிட்டது. குச்சிகள் கலைந்து அதனதன் போக்கில் திரிகின்றன. திசை என்று ஒன்று இருந்தால்தானே சுழி இருக்கும்? அவளுக்கும் புரிந்திருக்கும் என்று அவள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. நான் அவள் காலை என் காலால் அழுத்தினேன். சும்மா இரு, தெய்வமே, அரை நிமிஷம் சும்மா இரு என்று கண்ணாலேயே கும்பிட்டேன். சார் தாளைப் புரட்டி, கையெழுத்துப் போட வேண்டிய பக்கத்தை எடுத்து, பேனாவை வைத்துவிட்டார். முதல் எழுத்தும் விழுந்துவிட்டது.

"எழுதாதிய சார்" என்றாள்.

சார் நிமிர்ந்தார்.

"அது சுத்தமா இல்ல சார். உருகிப் போச்சு. இப்ப அதுல வெறும் எண்ணெய்தான் இருக்கு. ஒன்னுமே இல்லாததால புள்ளியும் இல்ல."

"அப்ப இத்தன நாளா நான் பாத்தது?"

"அதுதான் சார் நெசம்."

அந்த நிமிஷத்தில் எனக்கு அவளை ஓங்கி ஓர் அறை விடத் தோன்றியது. இப்போது யோசித்தாலும் கை துறுதுறுக்கிறது. வாசலுக்கு வந்த கல்யாணத்தை, கைக்கு வந்த பட்டத்தை, ஒரு வாக்கியத்தில் தள்ளிவிட்டு அவள் பாட்டுக்கு ஈர பேண்டேஜ் துணியை எடுத்து அந்தக் கண்ணாடியின் ஓரங்களில் சுற்ற ஆரம்பித்தாள். "ஏட்டி, வீசு" என்றாள். வேறு எதுவும் அகப்படாமல் அவளுடைய ஆய்வேட்டின் ஒரு பிரதியை எடுத்தே விசிறினேன். "செத்த நேரம் பாருங்க சார்" என்றாள்.

சார் மறுபடி கண்ணை வைத்தார். பிறகு அவராகச் சொல்லிக்கொண்டே வந்தார். "பொட்டுப் பொட்டா வெளிச்சம் வருதும்மா... கலர் கலரா... அய்யய்யோ, புள்ளியா முளைக்குதே, இருபது முப்பது இருக்கும்போல... ரெண்டு சேந்து காணாமப் போச்சு... இன்னொரு ரெண்டு..." பிறகு நிறுத்தினார். "நாலு" என்றார்.

கைக்குட்டையால் லென்ஸைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். நாலுதான். அவள் கேண்டீனிலிருந்து வந்த சூடான டீ கிளாஸைக் கண்ணாடிப் பக்கம் கொண்டுபோனாள். நாலும் மறைந்தன. துணியைச் சுற்றினாள். முளைத்தன, அடித்துக்கொண்டன, நாலில் வந்து நின்றன.

"நகருங்கம்மா. நான் பண்றேன்" என்றார் சார்.

அப்புறம் அவரைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. டீ ஆறினால் சூடாக வாங்கி வர என்னை அனுப்பினார். மூன்றாவது தடவை போனபோது, டீயே குடிக்காத சாருக்கு என்ன ஆயிற்று என்று கேண்டீன்காரர் விசாரித்தார். "தூசின்னா சூட்டுக்குப் பயந்து ஓடிட்டு, கரெக்டா நாலு பேரா திரும்பி வருமா?" என்று சார் தன்னையே கேட்டுக்கொண்டார். ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார், துடைக்காமலே.

உட்கார்ந்து குனிந்தாரா, அவருடைய ஆறடி முதல்தடவையாக அவள் பார்வைக்குக் கீழே வந்தது. துறையில் அவள் பார்க்காமல் விட்டிருந்த ஒரே தலை. பூனை மாதிரி அவர் பின்னால் போய் நின்றாள். என்னைப் பார்த்து ஒரு விரலைக் காட்டி, காற்றில் இடப்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றினாள். இடஞ்சுழி! எங்கள் துறையிலேயே ஒரே இடஞ்சுழி. கையெழுத்து விழுந்திருந்தால்கூட அந்த முகத்தில் அவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது.

சார் நிமிர்ந்து, "கொடுங்கம்மா, போட்டுருவோம்" என்று பேனாவை எடுத்தபோது மணி ஐந்து இருபத்தைந்து. ஒரே மூச்சில் கையெழுத்தை முடித்தார். நான் ஆய்வேட்டைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினேன். கதவில் பூட்டு. கிளார்க் ஐந்து பத்து பஸ்ஸில் போய்விட்டார்.

சார் இடிந்துபோனார். "நேரத்தச் சொல்லக் கூடாதாம்மா?"

"பதினாலாவது தடவ பாத்துக்கிட்டு இருந்திய சார். எப்படி நிறுத்தச் சொல்ல?" என்றாள்.

ஆறு மாசம் போயிற்று. ஆவணிக் கல்யாணம் தைக்குத் தள்ளிப் போயிற்று. அவள் அம்மா எங்கள் எல்லாரையும் சபித்தார். மாப்பிள்ளை காத்திருந்தார். தை மாசம் குனிந்த தலையோடு தாலி கட்டினார். அந்த ஆறு மாசமும் சார் தினமும் அவள் மேஜைக்கு வந்து உட்கார்ந்து, டீ கிளாஸ் சமாசாரத்தை முறையாக அளந்து ஒரு புது அத்தியாயமே எழுத வைத்தார். அவளுடைய வாய்மொழித் தேர்வில், வெளியிலிருந்து வந்தவர் "இந்த நாலும் தூசியில்லை என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டதும், இவள் வாயைத் திறக்கும் முன்னால் சார் துள்ளி எழுந்து பதில் சொன்னார்.

இப்போது அவள் எங்கோ தூரத்து ஊரில் இருக்கிறாள். பிள்ளை பிறந்ததும் எனக்குப் படம் அனுப்பினாள். முகம் இல்லை, உச்சந்தலை. கீழே, "ஒன்னு. வலம். சாதா. எம்புட்டு அழகா இருக்கு பாரு" என்று எழுதியிருந்தாள்.

என் கதை ஒன்று பாக்கி இருக்கிறது. அவளுக்கு முன்னால் நான் பட்டம் வாங்கிவிட்டேன். என் ஆய்வேட்டின் நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு வரைபடம். இருபது அளவுகள் எடுத்தேன். பத்தொன்பது கோட்டின் மேல் சமர்த்தாக உட்கார்ந்தன. ஒன்று மட்டும் கோட்டை விட்டு எழும்பித் தனியாக நின்றது. மூன்று தடவை அளந்தேன், அங்கேயேதான் நின்றது. அதை நான் எடுத்துவிட்டேன். சார் எடுக்கச் சொல்லவில்லை. அந்த டீ கிளாஸ் நாளுக்கு அப்புறம் அவர் அப்படிச் சொல்கிற ஆளும் இல்லை. அவள் கையெழுத்தைத் தடுத்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு, அடுத்த மாசமே நான் இதைச் செய்தேன். எனக்குச் சீக்கிரம் முடிய வேண்டியிருந்தது, அவ்வளவுதான் காரணம்.

என் வாய்மொழித் தேர்வு முடிந்து எல்லாரும் கை தட்டினார்கள். அவள்தான் ரொம்ப நேரம் தட்டினாள். பால்கோவா வாங்கிக்கொண்டு வந்து என் வாயில் ஊட்டினாள். ஊட்டிவிட்டு, யாருக்கும் கேட்காமல், "நாப்பத்தொன்னாம் பக்கத்துப் படம் ரொம்பச் சுத்தமா இருக்குடி" என்றாள். நான் அளவுகளைச் சொல்லச் சொல்ல, இருபதையும் நோட்டில் எழுதினவளே அவள்தான். குத்திக்காட்டுகிற குரல் இல்லை. அதற்கு மேல் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் அவள் பேசவில்லை, அன்றைக்கும் சரி, பிறகும் சரி. அந்தப் பால்கோவா எனக்கு இன்னும் இறங்கவில்லை.

போன மாசம் ஒரு வேலையாக அந்தக் கல்லூரிக்குப் போனேன். நூலகத்தில் என் ஆய்வேட்டைத் தேடி எடுத்தேன். யாரும் தொட்ட மாதிரியே தெரியவில்லை. நாற்பத்தோராம் பக்கத்தை விரித்து வைத்து, கோட்டுக்கு மேலே, அது நின்ற இடத்தில், பேனாவால் அழுத்தி ஒரு புள்ளி வைத்தேன்.

நூலகர் புது ஆள். ஓடி வந்தார். "என்னம்மா, படிச்சவங்க நீங்களே புத்தகத்துல கிறுக்கலாமா?"

"என் புத்தகந்தான் சார்" என்று அட்டையில் இருந்த பெயரைக் காட்டினேன்.

"யார் புத்தகமா இருந்தா என்ன? கிறுக்குனா கிறுக்கல்தான்" என்று சொல்லி, மேஜை டிராயரிலிருந்து ரப்பரை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"பேனா மை சார். போகாது" என்றேன்.